இடது காலின் பழக்கம்

1

சென்ற வாரம் என் வேனுக்குக் கிளட்ச் பிளேட் மாற்றினேன். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறை இருக்கிறது. அதை நடத்துகிற சீனரை எல்லோரும் 'பொமன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபோர்மன் என்ற சொல் இந்த ஊர் வாய்களில் உருண்டு அப்படி ஆகிவிட்டது. பல வருடங்கள் தமிழ் வாடிக்கையாளர்களோடு பழகியதால் பாதித் தமிழ் பேசுவார். கழற்றிய பழைய பிளேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"அக்கா, இது எத்தன வருசம்?"

"அஞ்சரை வருசம் இருக்கும்."

"ஸ்கூல் வேன். தினம் ஜாம். அஞ்சரை வருசமா?" பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் ஓட்டுறது?"

"நான்தான்."

அவர் குனிந்து என் கால்களைப் பார்த்தார். ரப்பர் செருப்பு, வெடித்த குதிகால். "நல்ல கால்லா" என்றார். பேச்சின் கடைசியில் ஒரு 'லா' போடுவது இந்த ஊர் வழக்கம்.

வீட்டுக்கு வந்து என் கணவர் குணசேகரனிடம் இதைச் சொன்னேன். நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரோட காலுன்னு நீ சொல்லலியா?" என்றார். நான் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது. இந்த மாதத்தோடு நான் வேன் ஓட்டத் தொடங்கி ஆறு வருடம். தமிழ்நாட்டில் என் ஊரில் இருப்பவர்களுக்கு நான் எழுதியதெல்லாம் தைப்பூசம், பத்துமலைக் கூட்டம், இங்கே கிடைக்கும் பழங்கள், இப்படித்தான் இருந்திருக்கிறது. இதை எழுதியதில்லை.

2

நான் தென்காசிக்காரி. பெயர் சண்முகவடிவு. இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்னால் எனக்கு மலேசிய மாப்பிள்ளை அமைந்தபோது, பெண்ணுக்குக் கார் ஓட்டத் தெரிந்திருந்தால் நல்லது என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். அப்பா உடனே என்னை ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். குற்றாலம் போகும் சாலையில் இருபது நாள் ஓட்டினேன். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. பயிற்சி கொடுத்தவரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருந்தது. நான் மிதிப்பதற்கு முன்பே அவர் மிதித்துவிடுவார். அந்த இருபது நாளும் ஓட்டியது அவர்தான் என்பது எனக்குப் பதினெட்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

இங்கே வந்த புதிதில் என் இந்திய உரிமத்தைக் கொடுத்து இந்த ஊர் உரிமமாக மாற்றிக்கொண்டேன். அப்போது அது முடிந்தது. கடவுச்சீட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருந்ததால், கவுண்டரில் இருந்த பெண் ஒலிபெருக்கியில் 'புவான் சுடலைமுத்து' என்று அழைத்தார். திருமதி சுடலைமுத்து! அது நான்தான் என்று தெரியாமல் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் சில அலுவலகங்களில் நான் என் அப்பாவாகத்தான் இருக்கிறேன்.

முதல் வாரத்தில் இவர் என்னை பிரிக்பீல்ட்ஸுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு, "கோஸ்தான் பாஸ், கோஸ்தான், கோஸ்தான்!" என்று கத்தினார். அது யாரோ ஒரு ஆளின் பெயர் என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று இவர் விளக்கியபோது அவருக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு, புதுப்பிக்கும் நாள் தவிர, என் உரிமம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்கியது. இவர் பள்ளி வேன் ஓட்டினார். நான் பிள்ளை வளர்த்தேன், வீட்டிலிருந்தபடி பலகாரம் செய்து கொடுத்தேன். எனக்கு எதற்குக் கார்?

3

சர்க்கரை நோய் இவர் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு. ஏழு வருடங்களுக்கு முன்னால் புதுச் செருப்பின் வார் இடது கால் சுண்டுவிரலை உரசிப் புண்ணாக்கியது. "சின்னக் காயம்தான்லா" என்றார். வேன் ஓட்டாத நாள் இல்லை, அதனால் மருத்துவரிடம் போகவும் நாள் இல்லை. கிளட்சை மிதிக்கிற கால் அது. நாளெல்லாம் நூற்றுக்கணக்கில் மிதித்து மிதித்து அந்தப் புண் ஆறவே இல்லை. முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். கடைசியில் முழங்காலுக்குக் கீழே.

மயக்கம் தெளிந்ததும் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைங்களை இன்னிக்கு யாரு ஏத்துனா?"

அவருடைய நண்பர் ஒருவர் சில மாதம் வேனை ஓட்டிக்கொடுத்தார். எத்தனை நாளைக்கு? மகள் தர்ஷினிக்கு அப்போது பதினாறு வயது. ஒரு காலையில் நான் பீரோவைத் திறந்து உரிமத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "பள்ளிப் பிள்ளைங்கள ஏத்தணும்னா இது பத்தாது. வேற லைசென்ஸ் எடுக்கணும்" என்றார்.

வகுப்பு, மருத்துவச் சான்று, புகைப்படம், மலாயில் கேள்வித்தாள். என் மலாய் அடுப்படி மலாய். சந்தையில் மீன் வாங்கப் போதும், சாலை விதிகளுக்குப் போதாது. தர்ஷினி இரவெல்லாம் கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வைத்தாள். இரண்டாவது முறையில் தேறினேன்.

அதற்குப் பிறகுதான் ஓட்டக் கற்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பேட்டைச் சாலைகள் காலியாகக் கிடக்கும். இவர் பக்கத்து இருக்கையில், ஊன்றுகோல்கள் மடியில்.

"மிஞ்ஞாக் குடு. மிஞ்ஞாக் குடு!" என்று கத்துவார். எனக்குத் தெரிந்த மிஞ்ஞாக் சமையல் எண்ணெய். ஆக்சிலேட்டரை அழுத்து என்பதற்கும் அதுதான் சொல் என்று தெரியும், ஆனால் பயத்தில் மூளை முதலில் சமையலறைக்குத்தான் போகும். அதற்குள் வேன் குலுங்கி நின்றுவிடும்.

"கிளட்ச் என்னா கால் வைக்கிற பலகையா? கியர் மாத்தியாச்சுன்னா காலை எடுத்துடு. சும்மா அதுமேல வெச்சிருந்தாலே உள்ளுக்குள்ள தேயும்."

"கியர்மேல கைய வைக்காத. கை ஸ்டேரிங்குக்கு."

"மீட்டர ஏன் பாக்குற? சத்தத்தக் கேளு. எப்ப மாத்தணும்னு வண்டியே சொல்லும்."

"சிவப்பு லைட்டுல ஒண்ணாம் கியர்ல மிதிச்சிக்கிட்டே நிக்காத. பிரி கியர்ல போடு. காலுக்கும் ரெஸ்ட், வண்டிக்கும் ரெஸ்ட்." பிரி கியர் என்றால் நம் ஊர் நியூட்ரல்.

இறக்கத்தில் மட்டும் குரல் மாறும். "இங்க பிரி கியர்ல உருட்டக் கூடாது. எவன் சொன்னாலும் சரி. பெட்ரோல் மிச்சம்னு சொல்லுவானுங்க. கியர்தான் வண்டியப் புடிச்சி வெச்சிருக்கிற கை. அதை விட்டுட்டா பிரேக்கு மட்டும் என்னா பண்ணும்?"

ஏற்றத்துக்கு ஒரே விதி: அரைக் கிளட்சில் வண்டியைத் தொங்கவிடக் கூடாது. கைப்பிரேக்கை இழு. நகரும்போது கிளட்சை மெல்ல விடு, வண்டியின் மூக்கு லேசாக எழும்பும், அப்போது கைப்பிரேக்கை இறக்கு. இரண்டு கால், ஒரு கை, மூன்றும் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்ய வேண்டும். எனக்கு மற்றதெல்லாம் வந்தது, இது மட்டும் வரவில்லை. யாரும் பார்க்காதபோது அரைக் கிளட்சிலேயே சமாளித்தேன்.

4

பதினொரு பிள்ளைகள். எல்லோரும் தொடக்கப்பள்ளி. காலையில் இருட்டோடு ஏற்றி, மதியம் இறக்க வேண்டும். காலையில் மட்டும் தர்ஷினியும் பின் இருக்கையில் ஏறி, போகிற வழியில் அவள் பள்ளியில் இறங்கிக்கொள்வாள். முதல் நான்கு மாதம் இவரும் தினம் கூட வந்தார். பிள்ளைகள் முன்னாலும் அதே குரல்தான். ஒருநாள் பின் இருக்கையிலிருந்து மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அச்சு அசலாக அவர் குரலில், "கால எடு, கால எடு!" என்றாள். வேன் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டதும் சொன்னேன். "நாளைலருந்து நீங்க வீட்லயே இருங்க. நான் ஓட்டிக்கிடுதேன்."

கோபம் வந்தால் எனக்குத் தென்காசி வந்துவிடும். மறுநாள் காலை நான் கிளம்பும்போது சட்டை மாட்டாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று நாள் சுகமாக இருந்தது. வானொலி வைத்தேன். பிள்ளைகள் பாடினார்கள். நான்காம் நாள் மதியம் மழை. துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகளெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியது போல மேம்பாலத்தில் நெரிசல். ஏற்றத்தின் நடுவில் நிற்கிறேன். முன்னால் ஒரு லோரியின் பின்புறம், பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். இரண்டடி நகர வேண்டும், நிற்க வேண்டும், மறுபடி இரண்டடி. கைப்பிரேக்கைப் போட்டு எடுக்கப் பயம். அரைக் கிளட்சிலேயே தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். அரை மணிநேரத்துக்கு மேல்.

முதலில் ஒரு வாடை வந்தது. இரும்புச் சட்டியில் ரப்பர் தீய்வது போல. லோரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். "ஆன்டி, நாறுது" என்றான் ஒருவன். லோரி நகர்ந்தது. நான் கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினேன். இஞ்சின் அலறியது, வேன் நகரவில்லை. இன்னும் அழுத்தினேன், இன்னும் அலறியது. பிறகு வேன் பின்னால் போகத் தொடங்கியது.

எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஒரு முழம் இருக்கும். பக்கக் கண்ணாடியில் மோட்டார் சைக்கிளின் விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. பின் இருக்கையிலிருந்து ஒரு பிள்ளை 'அம்மா' என்றது. பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். நின்றது. மோட்டார் சைக்கிளுக்கும் வேனுக்கும் நடுவே என் கை நுழையாது.

அதில் வந்தவர்கள் ஒரு மலாய்த் தம்பதி. திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஆள் எங்கிருந்தோ ஒரு செங்கல்லைத் தேடிக் கொண்டுவந்து பின் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். அவர் மனைவி நனைந்தபடி என் சன்னலுக்கு வந்து, பிள்ளைகளைச் சுட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள். 'செபெலாஸ்' என்றாள். பதினொன்று. நானும் கூடவே எண்ணினேன். பதினொன்று. அதன் பிறகுதான் கைப்பிரேக்கிலிருந்து கையை எடுத்தேன்.

இவருக்குத் தொலைபேசினேன். அந்த நேரத்தில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இன்னொரு வேன்காரரின் வண்டியில் வந்தார். வெட்டிய காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, ஊன்றுகோலோடு, மழையில் அந்த ஏற்றத்தில் ஏறி வந்தார். வேனுக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார். வாடை புரிந்திருக்கும். என்னைப் பார்க்கவில்லை.

"யாருக்கெல்லாம் பசிக்குது?" என்றார்.

பதினொரு கைகளும் உயர்ந்தன.

பிள்ளைகளை இரண்டு நடையாக அந்த வேன்காரர் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒவ்வொரு பெற்றோருக்கும் இவரே பேசினார். "குணா பேசுறேன். வேன் கிளட்ச் போயிருச்சு. பழைய வண்டி, அதான். பிள்ளைங்க நல்லாருக்காங்க." பழைய வண்டி, அதான். பதினொரு முறை அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும், "வண்டி மேல தப்பில்ல. நான்தான் கருக்கிட்டேன்" என்றேன்.

"தெரியும். நான் வேன் ஓட்ட வந்த மொத வருசம் நானுந்தான் கருக்குனேன். இதே பாலத்துல."

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என் பேச்சக் கேப்பியா?"

அன்றைக்கு நான் அழுத அளவுக்கு இவர் காலை எடுத்த அன்றும் அழவில்லை. வேன் மறுபடி கிளம்பிய காலையில் நானே அவர் சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

5

புதுப் பிளேட் போட்டு வேன் திரும்பி வந்த பிறகு இவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு வருவார், அவ்வளவுதான். அந்த அமைதியில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன்.

கைலிக்குக் கீழே அவருடைய இடது தொடை அசைந்தது. லேசாக எழும்பி, அழுந்தி, மறுபடி எழும்பியது. முதலில் வலி என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. நான் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்ற வேண்டிய இடத்தில், நான் மாற்றுவதற்கு ஒரு நொடி முன்னால், அந்தத் தொடை அழுந்தியது. இல்லாத காலால் இவர் கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தார்.

கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் நிறுத்திவிடுவார் என்று தோன்றியது. அதனால் கேட்காமல், அதைப் பார்த்து ஓட்டத் தொடங்கினேன். கண்ணின் ஓரத்தில் அந்தத் தொடை எழும்பும், நான் மிதிப்பேன். அது விலகும், நான் காலை எடுப்பேன். சிவப்பு விளக்கில் அது ஓய்ந்தால் என் காலும் ஓயும். ஏற்றத்தில் மூக்கு எழும்புகிற அந்த நொடியை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அவரால் வார்த்தையில் எனக்குச் சொல்லித்தர முடியவில்லை. தொடை அழுந்தியிருந்து மெல்ல மெல்ல மேலே வரும். அதே வேகத்தில் நானும் விட்டேன். மூன்றாம் நாள் அதே மேம்பாலத்தில் கைப்பிரேக்கிலிருந்து, உள்ளே ஒரு தண்ணீர்ப் புட்டிகூட உருளாமல், வேனைக் கிளப்பினேன். இவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செயற்கைக் கால் வந்த பிறகும் அது நிற்கவில்லை. இப்போது செருப்பு மாட்டிய பாதம் தரையை அழுத்தும் சத்தமும் கேட்டது. எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஓட்டினேன்.

6

தர்ஷினி வளர்ந்தாள். கோலாலம்பூரில் வேலை, செந்தூலில் ஒரு அடுக்குமாடியில் தோழிகளோடு அறை. வீட்டில் பேசும் தமிழிலும் பாதி ஆங்கிலம். நான் மூன்று முறை அழைத்தால் ஒரு முறை எடுப்பாள். "மீட்டிங்மா" என்பாள். நீளமாக ஒரு செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். பதினாறு வயதில் இரவெல்லாம் உட்கார்ந்து எனக்குச் சாலை விதி சொல்லிக்கொடுத்த பிள்ளை எங்கே போனாள் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன்.

அவள் ஓட்டுநர் உரிமம் எடுத்தபோது, கிளட்ச் இல்லாமல் கியர் தானாக மாறும் ஆட்டோ வண்டிக்கு மட்டும் எடுத்தாள். அது எனக்குச் சிறிய வலி. இத்தனை பாடுபட்டு நாங்கள் இருவரும் கற்றது அவளிடம் போய்ச் சேரவில்லையே.

"இப்ப யாரும்மா மேனுவல் ஓட்டுறா? சும்மா டென்ஷன்லா."

போன வருடம் ஒரு பழைய ஆட்டோ கார் வாங்கினாள். வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாவியை அப்பாவிடம் நீட்டினாள். "ஓட்டிப் பாருங்கப்பா. ரைட் லெக் மட்டும் போதும்."

இவர் சாவியைத் தொடவில்லை. "ஆட்டோவா? அது லிஃப்ட் மாதிரி. ஏறி நின்னா அதுவா போவும். அதுக்கு எதுக்குடா டிரைவர்?"

அவள் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு கோப்போடு வந்தாள். உடல் ஊனமுற்றோர் அட்டைக்கான விண்ணப்பம், மருத்துவர் நிரப்ப வேண்டிய தாள், உரிமத்தில் மாற்றம் கேட்கும் தாள். எல்லாவற்றையும் அவளே நிரப்பியிருந்தாள். இவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். தொழில் என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். 'ஓட்டுநர்' என்று மலாயில் எழுதியிருந்தாள்.

"நான் இப்ப டிரைவர் இல்லியே."

"அப்புறம் தினம் வேன்ல என்னா பண்றீங்க?"

"சும்மா உக்காந்து வரேன்."

"அப்பா, நான் ஸ்கூல்ல பார்ம் ஃபைவ் முடிக்கிற வரைக்கும் அதே வேன் பின் சீட்லதான் உக்காந்து வந்தேன். அம்மா ஓட்டும்போது உங்க கால் என்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், தாள்களைச் சீராக அடுக்கிக்கொண்டிருந்தாள். விலகிப் போய்விட்டாள் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்த பிள்ளை.

இவர் மெல்லிய குரலில் சொன்னார்: "ஆட்டோவ நான் கேவலமா பேசுனது சும்மாடா. மறுபடி உக்காந்து, ஓட்ட வரலன்னா? அதான்."

"வரலன்னா நான் ஓட்டுறேன். அவ்ளோதானே?"

அட்டைக்கு நான்கு நடை. ஒரு தாளில் 'இயலாமை நிரந்தரமா, தற்காலிகமா' என்று ஒரு கேள்வி. மருத்துவர் அதை நிரப்ப மறந்திருந்தார். கவுண்டரில் இருந்த இளம்பெண் பேனாவோடு நிமிர்ந்து, வழக்கம்போலக் கேட்டுவிட்டு, கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இவர் மலாயில், "முளைச்சா வந்து சொல்றேன்" என்றார். அவளும் சிரித்துவிட்டாள், வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

7

எல்லாத் தாளும் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, சந்தை கலைந்த ஒரு பெரிய திடலுக்குப் போனோம். இவர் ஓட்டும் இருக்கையில், தர்ஷினி பக்கத்தில், நான் பின்னால். இருபத்தைந்து வருடம் வண்டி ஓட்டிய மனிதர் கண்ணாடியைச் சரிசெய்தார், மறுபடி சரிசெய்தார். கார் மெல்ல நகர்ந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் காது மடல் சிவந்திருந்தது.

கொஞ்சம் வேகம் கூடியது. இஞ்சின் சத்தம் உயர்ந்தது. அடுத்த நொடி கார் குத்திட்டு நின்றது. தர்ஷினி பார்சல் வாங்கி வைத்திருந்த தேநீர்ப் பொட்டலம் கண்ணாடியில் அடித்து உடைந்தது. என் நெற்றி முன் இருக்கையில் மோதியது.

"என்னாப்பா?"

"தெரியலடா."

மறுபடி கிளம்பினார். மறுபடி அதே சத்தம், அதே இடத்தில் அதே குத்து. மூன்றாம் முறை எனக்கு விளங்கியது. சத்தம் உயர்ந்தால் கியர் மாற்ற வேண்டும். அதற்கு இடது கால் போய்க் கிளட்சை ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். இந்தக் காரில் கிளட்ச் இல்லை. அங்கே அகலமான பிரேக்கின் ஓரம் நீண்டிருந்தது. செயற்கைக் காலுக்கு உணர்ச்சி கிடையாது, எதை மிதிக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. அவருடைய ஆகச் சிறந்த பழக்கமே இந்த வண்டியில் ஆபத்தாக இருந்தது.

சொன்னேன். இவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். இஞ்சினை அணைத்தார். கால்சட்டையைச் சுருட்டி, பட்டையைக் கழற்றி, செருப்போடு அந்தக் காலைத் தூக்கிப் பின்னால் நீட்டினார்.

"இதப் புடி."

மடியில் வாங்கிக்கொண்டேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

அதன் பிறகு கார் குத்தவில்லை. திடலை ஒரு சுற்று, இரண்டு சுற்று, எட்டுச் சுற்று. தொடை இப்போதும் எழும்பி அழுந்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது எதையும் தொடவில்லை. தர்ஷினி சிந்திய தேநீரைத் துடைப்பதை மறந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத் திரும்பும் வழியில் நான் ஒன்றை யோசித்துக்கொண்டு வந்தேன். நாள் முழுக்க மகளை அழைத்து, சாப்பிட்டாயா, அறைக்குப் போய்விட்டாயா, ஏன் எடுக்கவில்லை என்று கேட்பது எங்கள் ஊரில் நல்ல பழக்கம். கேட்காவிட்டால் அன்பில்லை என்பார்கள். அவள் வண்டியில் அதற்கு மிதி இல்லை. நான் மிதிக்கும்போதெல்லாம் அவள் குத்திட்டு நின்றிருக்கிறாள். இப்போது நாளுக்கு ஒரு முறைதான் அழைக்கிறேன். சில நாள் அவளே அழைக்கிறாள். எனக்குக் கை பரபரக்கத்தான் செய்கிறது.

8

மூன்று வாரம் சனி ஞாயிறுகளில் தர்ஷினி கூட வர, இவர் கிள்ளான் தெருக்களில் ஓட்டினார். காரை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு, அவள் செந்தூலிலிருந்து ரயிலில் வேலைக்குப் போய் வருகிறாள். "எனக்கு அங்க பார்க்கிங் கெடைக்காதுலா" என்று காரணம் சொல்கிறாள்.

சென்ற சனிக்கிழமை வேனுக்கு வேலை இல்லை. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவர் ஊன்றுகோலோடு காரின் பக்கம் போய், காலைக் கழற்றிப் பின் இருக்கையில் வைத்து, ஓட்டும் இருக்கையில் ஏறிப் பட்டையை மாட்டினார்.

"எங்க?"

"சும்மா. போய்ட்டு வரேன்."

நானும் வரட்டுமா என்று வாய் வரை வந்தது. கையில் ஈரத் துணி இருந்தது. அதைக் கொடியில் போட்டேன். கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று. நான் அழைக்கவில்லை. வீட்டை இரண்டு முறை பெருக்கினேன். தர்ஷினிக்கும் சொல்லவில்லை. பதினொன்றே காலுக்கு அவரே அழைத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"ஜெஞ்சாரோம்."

"ஜெஞ்சாரோமா! அவ்வளவு தூரத்துல என்ன வேல?"

"ஒரு வேலயும் இல்ல. ரோடு இருந்துச்சு, போய்க்கிட்டே இருந்தேன். ஓரமா நிறுத்திட்டுதான் பேசுறேன், பயப்படாத. செம்பனைக்காட்டுப் பக்கம். இறங்கல. சன்னலத் தொறந்து வெச்சிட்டு உக்காந்திருக்கேன். நல்ல காத்து."

அவர் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் ஒரு லோரி கடந்து போகும் சத்தமும். ஏழு வருடத்தில் அவர் தனியாகப் போன முதல் இடம் அதுதான்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவீங்களா?" என்றேன்.

"வந்துருவேன்லா" என்றார். "என்னா கொழம்பு?"